தீவில் தங்கிக் கடல் படிக்கப் போகலாமா? பெங்களூர்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல் சூழலியல் படித்து, அந்தமானில் வண்டூர் பக்கம் தங்கி வேலை பார்த்துவிட்டு, இப்போது பெங்களூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். விடுமுறை நெருங்கினால் அல்சூர், பிரேசர் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஆசை, வீட்டில் பயம். இரண்டுமே நியாயம்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நிற்கின்றன.

கடல் ஆய்வு நிலையம்னா என்னங்க? காலேஜா, லேபா, ஹாஸ்டலா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். கடலை அது இருக்கும் இடத்திலேயே போய்ப் படிப்பதற்கான குடியிருப்பு அது. தங்க அறைகள், சமையல்கட்டு, சின்ன ஆய்வுக்கூடம், புத்தக அலமாரி, கருவிகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட ஒரு கொட்டகை, படகு. இவ்வளவுதான் இருக்கும். பட்டம் எதுவும் கொடுக்காது. வேறு கல்லூரியில் படிப்பவர்கள் இங்கே வந்து சில வாரமோ சில மாதமோ தங்கி வேலை செய்வார்கள்.

தெற்கு அந்தமானின் வண்டூரில் இருக்கும் ஆனெட் (அந்தமான் நிகோபார் சூழல் குழு) இந்த வகையில் பழைய நிலையம். சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொடங்கியது, பின்னால் பெங்களூரின் தக்ஷின் அறக்கட்டளையும் கைகோத்தது. பக்கத்திலேயே மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. 1983-ல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்குள் 15 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள் (பவளம் வளர்ந்து உண்டான பாறைத் திட்டுகள்), கரையோரம் அலையாத்திக் காடு.

நிலையம் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதால்தான் ஒரே பாரை வருடாவருடம் போய்ப் பார்க்க முடிகிறது. சுற்றுலாப் பயணி பார்ப்பது ஒரு நாள் கடல். அங்கே பதிவேட்டில் இருப்பது பல வருடக் கடல். இது ஏன் முக்கியம் என்பது கீழே பவளம் பற்றிய கேள்வியில் வரும்.

பெங்களூர்ல இருந்து எப்படிப் போறது? ரெண்டு நாள் ஆகுமா?

விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நேரடி விமானம் இல்லாத நாளில் சென்னை வழியாகப் போகலாம். இறங்கும் ஊர் போர்ட் பிளேர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது. அங்கிருந்து வண்டூர் சாலை வழியாக ஒரு மணி நேரம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு, மூன்று நாள் ஆகும். வாந்தி வராத வயிறு இருந்தால் அதில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம், கடல் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைக்கும்.

திரும்பும்போது ஒன்று கவனம். ஸ்கூபா முங்கியவர்கள் கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது விட வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

பெங்களூர்ல கடலே இல்ல. இங்க வளர்ற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்?

கடல் இல்லாத ஊரில்தான் இந்தியாவின் முக்கியமான கடல் ஆய்வுகள் சில திட்டமிடப்படுகின்றன. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், பெல்லாரி ரோட்டில் என்.சி.பி.எஸ். என்னும் தேசிய உயிரியல் ஆய்வு மையம், மேலே சொன்ன தக்ஷின் எல்லாமே இங்கேதான் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு அந்த வாசல்கள் பஸ் தூரத்தில். பரங்கிப்பேட்டைப் பிள்ளைக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு ஆய்வாளர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பயிற்சியையும் இங்கேயே தொடங்கலாம். அல்சூர் ஏரியிலோ ஜக்கூர் ஏரியிலோ வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பறவைகளை எண்ணி எழுதி வரட்டும். மூன்று மாதம் விடாமல் எழுதின நோட்டை எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளையை, மதிப்பெண் பட்டியலை மட்டும் நீட்டுகிற பிள்ளையைவிட எந்த நிலையமும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது. சேர முடியாதா?

சேரலாம். அலையாத்திக் காடு, கரைப் பறவை, நண்டு, மீன் இறங்குதளத்தில் மீனவர்களோடு பேசி எழுதுவது, காட்டுக்குள் தவளை, பல்லி கணக்கெடுப்பது என்று தண்ணீரில் நனையாத வேலையே பாதிக்கு மேல். வற்றின நேரத்தில் பாரின் மேல் நடந்து செய்யும் ஆய்வுக்குக் கணுக்கால் தண்ணீர் போதும்.

ஆனால் பாரின் மேலே மிதந்தபடி பார்க்க ஆசை இருந்தால் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். வேகம் வேண்டாம். ஆழத்தில் பதறாமல் பத்து நிமிடம் மிதக்கத் தெரிந்தால் போதும். இங்கே குளத்தில் இரண்டு மாதத்தில் அது வந்துவிடும். தெரியாததைத் தெரியும் என்று படிவத்தில் எழுதாதீர்கள். அங்கே அது உங்கள் உயிரோடு கூட வருகிறவர் உயிரையும் சேர்த்து ஆபத்தில் விடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில எத்தனை மணிக்கு எழுப்புவாங்க?

கடிகாரத்தைக் கேட்காதீர்கள், கடலைக் கேளுங்கள். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். அந்த வற்றம் விடியற்காலை நான்கரைக்கு என்றால் நான்கு மணிக்குச் செருப்பு மாட்டி நிற்க வேண்டும். இந்திய நேரம்தான், ஆனாலும் தீவு அவ்வளவு கிழக்கே கிடப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். ராத்திரிச் சாப்பாடு ஏழுக்கு, தூக்கம் ஒன்பதுக்கு. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் இதுதான் கஷ்டம்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். ஐம்பது மீட்டர் நாடாவைக் கரையிலிருந்து கடலை நோக்கி நேராக விரிப்பார்கள். பி.வி.சி. குழாயில் செய்த அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று, அதில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருக்கும். நாடாவில் குறித்த தூரத்தில் சட்டத்தை வைத்து, உள்ளே பவளம் எத்தனை கட்டம், பாசி எத்தனை, வெறும் மணல் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒருவர் குனிந்து சொல்ல, இன்னொருவர் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவார். தண்ணீருக்கு அடியிலும் பென்சில் எழுதும், பேனா எழுதாது. முதல் சட்டத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். "ஒண்ணுமே இல்லையே" என்று சொன்ன இடத்தில் கொஞ்ச நேரம் கழித்து நகராத கல் நகரும், அது பேய்க்கணவாய். இன்னும் கொஞ்சம் குனிந்தால் பொந்திலிருந்து அஞ்சாலை என்னும் பாம்பு மாதிரி நீண்ட மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஏற்றம் திரும்புவதற்குள் வரிசையை முடிக்க வேண்டும், முதுகு பிடித்துக்கொள்ளும்.

மதியம் வெயிலில் யாரும் வெளியே போவதில்லை. காலையில் எழுதியதைக் கணினியில் ஏற்றுவது, கருவி அலசுவது, துணி துவைப்பது. மாலையில் யாராவது ஒருவர் தான் பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்வார். முதலில் வெட்கப்படுகிற பிள்ளைகள் பத்து நாளில் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே போகலாம்.

போன் எடுக்குமா? தினமும் பேசலேன்னா எங்களுக்குத் தூக்கம் வராது.

முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2020-ல் வந்த பிறகு இணையம் தேறிவிட்டது. ஆனால் படகிலும் காட்டிலும் சிக்னல் இருக்காது, மின்சாரம் போகும். "வேலை முடிந்து கரைக்கு வந்ததும் ஒரு குறுஞ்செய்தி" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க சைவம். பையன் என்ன சாப்பிடுவான்?

சோறு, பருப்பு, சப்பாத்தி, காய், முட்டை, மீன். சைவம் என்று முன்னாலேயே சொன்னால் தனியாக எடுத்து வைப்பார்கள். காய்கறியில் நிறைய கப்பலில் வருவது, அதனால் கப்பல் தாமதமானால் பூசணியும் உருளையும்தான் திரும்பத் திரும்ப வரும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்து அனுப்புங்கள், அவன் மட்டும் தனியாகச் சாப்பிட முடியாது, அதனால் மற்றவர்களுக்கும் சேர்த்தே கொடுங்கள். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லி வையுங்கள். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற தீவிலேயே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்.

அங்க என்னென்ன பிராணி பார்க்கலாம்? புலி, சிறுத்தை உண்டா?

புலி, சிறுத்தை, நரி எதுவுமே கிடையாது. அந்தமான் காட்டில் பெரிய வேட்டை விலங்கு இல்லை. அதைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். தீவின் அழகு சின்னதில் இருக்கிறது. தென்னை மட்டையில் பட்டப்பகலில் உலாவும் பச்சைப் பல்லி ஒன்று உண்டு, முதுகில் சிவப்புப் புள்ளிகளும் கோடுகளும். நம் வீட்டுப் பல்லி ராத்திரிக்காரன், இது பகல்காரன். இதன் சொந்தக்காரர்கள் எல்லாம் மடகாஸ்கர் பக்கத்துத் தீவுகளில் இருக்கிறார்கள். நடுவில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கடல். இப்படித் தீவுக்கென்றே உள்ள பாம்பு, பறவை, தவளை ஏராளம். நார்கொண்டம் இருவாய்ச்சி என்ற பறவை உலகத்திலேயே நார்கொண்டம் என்னும் ஒரே ஒரு தீவில்தான் இருக்கிறது.

அலையாத்திக் காட்டில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே சேற்றில் துள்ளும் உளுவை மீன், ஒரு கை மட்டும் பெருத்த நண்டு, மீன்கொத்திகள், நீர் உடும்பு. மணலில் ராத்திரி முழுவதும் சங்கைச் சுமந்து ஊரும் துறவி நண்டு. தண்ணீருக்குள் தலையை விட்டால் முதலில் காதுதான் திறக்கும். வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஓயாத சத்தம். அது கொடுக்கைச் சொடுக்கும் இறால்களின் வேலை. பிறகு கிளிமீன் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாகக் கழிப்பதைப் பார்க்கலாம். கோமாளி மீன் குடும்பத்தில் பெரியது பெண். அது செத்துப் போனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். இதைப் பாடத்தில் படித்துவிட்டு, அந்தக் குடும்பத்தையே நேரில் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடாக எந்த வகுப்பையும் நான் எடுத்ததில்லை.

ஆவுளியா, அதாவது கடற்பசு, அந்தமானின் மாநில விலங்கு. ஆனால் பார்ப்பது அரிது. கடல்புல் மேயும் இந்தப் பிராணிக்கு நம் பாக் நீரிணையிலும் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022-ல் அறிவித்தார்கள்.

முதலை இருக்காமே! எம் பிள்ளைய தண்ணியில இறக்கிடுவாங்களா?

உப்புநீர் முதலை இருக்கிறது. இதை யாரும் மறைக்கக் கூடாது. ஓடைகளிலும் அலையாத்திக் கால்வாய்களிலும் வாழும், கடலையும் தாண்டி நீந்திப் போகும். ஆண் ஐந்து மீட்டருக்கு மேல்கூட வளரும். அந்தமானில் ஆளைப் பிடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

அதனால்தான் விதிகள் கறாராக இருக்கும். ஓடைத் தண்ணீரில் இறங்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு கரையோரம் நிற்கக் கூடாது. படகுத் துறையில் மீன் கழுவக் கூடாது, கழிவு கொட்டக் கூடாது. இறங்கும் இடத்தைப் பொறுப்பாளர்தான் சொல்வார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பணியாளர்கள் தண்ணீரைப் பார்த்தே "இன்று வேண்டாம்" என்பார்கள். பர்மாவிலிருந்து 1925-ல் வந்து குடியேறிய கரேன் மக்கள் பலருக்கு இந்தக் கடல் கைரேகை மாதிரி தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்டு வாதாடக் கூடாது.

பாம்பு? அதுவும் கடல்ல?

மஞ்சள் உதட்டுக் கடற்பாம்பு என்று ஒன்று உண்டு. உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை. கடலில் அஞ்சாலை வேட்டையாடி, கரைக்கு வந்து பாறை இடுக்கில் படுத்துச் செரிக்கும், முட்டையும் கரையில்தான் இடும். கடும் விஷம், ஆனால் பரம சாது. தொடாமல் இருந்தால் அது பாட்டுக்குப் போகும். காட்டுப் பக்கம் அந்தமான் நல்லபாம்பு, கட்டுவிரியன், ராஜநாகம் உண்டு. இருட்டில் டார்ச் இல்லாமல் ஓர் அடி நடக்கக் கூடாது, செருப்பை உதறிப் போட வேண்டும். செருப்புக்குள் பெரும்பாலும் இருப்பது பூரான்தான், அதுவும் பெரிய பூரான்.

சொறிமீன் பட்டாலோ, கல்மீன் குத்தினாலோ என்ன செய்வாங்க? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

பெட்டிச் சொறி (பெட்டி வடிவ ஜெல்லி மீன்) பட்டால் அந்த இடத்தில் வினிகர் ஊற்றுவார்கள். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் விடக் கூடாது. கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி வரை, வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும். இரண்டுக்கும் பிறகு மருத்துவமனை கட்டாயம். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது, மேலே சொன்ன அதே ஒரு மணி நேரத் தூரம்.

என் கவலை சொறிமீனைவிடச் சின்ன விஷயங்களில்தான். பவளம் கிழித்த கீறலைக் கழுவாமல் விட்டால் சீழ் பிடிக்கும். மழைக்காலச் சேற்றில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், அந்தமானில் அது பழைய நோய். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு மறைக்காமல் அன்றே சொல்ல வேண்டும். திரும்பி வந்த பிறகு பெங்களூரில் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் "அந்தமான் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள்.

பொண்ணு தனியா போறா. பயமில்லாம அனுப்பலாமா?

நிலையத்தைப் பொறுத்தது. போவதற்கு முன்னால் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, களத்துக்குத் தனியாக அனுப்புவார்களா, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கிறதா? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும், பயிற்சிக்கு வருபவரும் அந்தச் சட்டத்துக்குள் வருவார். நல்ல நிலையம் குழுவில் யார் யார் என்று பெயரோடு பதில் அனுப்பும். "அதெல்லாம் இங்க பிரச்சினையே இல்லைங்க" என்று மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

கடல் ஆய்வில் இன்று பெண்கள் நிறைய. படகு ஓட்டுவதும் சிலிண்டர் தூக்குவதும் ஆம்பளை வேலை என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால், அவள் தூக்கிக் காட்டுவாள்.

பீரியட்ஸ் நேரத்துல கடல்ல இறங்கலாமா அக்கா? சுறா வரும்னு சொல்றாங்க.

இறங்கலாம். மாதவிலக்கு நேரத்தில் முங்கும் பெண்களைச் சுறா கூடுதலாகத் தாக்கியது என்பதற்கு ஆதாரமே இல்லை. மாதவிலக்குக் கப் பழகியவர்களுக்குச் சௌகரியம், ஆனால் அங்கே போய் முதல்முறை முயல வேண்டாம், வீட்டில் பழகிக்கொண்டு போங்கள். நாப்கின் குப்பையைத் தீவில் அள்ளிக்கொண்டு போக ஆள் வராது, நீங்கள்தான் கட்டி எடுத்து வர வேண்டும். வயிற்று வலி இருந்தால் "இன்று கரை வேலை கொடுங்கள்" என்று கேளுங்கள், எல்லோரும் கேட்பதுதான்.

திரும்ப சுனாமி வந்தா?

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் அளவு 9.1. அந்தமானின் வடக்குப் பகுதி மேலே எழும்பிப் பவளப் பார் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தது. போர்ட் பிளேர் பக்கம் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சிப்பிகாட் வழியாகப் போகும்போது பாருங்கள், முன்பு நெல் விளைந்த வயலில் இன்றைக்குக் கடல்நீர் நிற்கிறது, கொக்கும் நாரையும் மேய்கின்றன.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் தீவு நிலநடுக்கக் கோட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினால் சங்கு ஊதும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். எந்த மேடு, எந்த வழி என்று முதல் நாளே நடத்திக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஞாபகத்துக்கு ஒரு சங்கு, ஒரு பவளத் துண்டு எடுத்துட்டு வரலாமா?

கூடாது. பார் கட்டும் பவளங்கள், கடல் அட்டை, கடல் குதிரை, சில வகைச் சங்குகள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் இருக்கும் உயிர்கள். செத்துக் கரை ஒதுங்கியதை எடுத்தாலும் குற்றம்தான். ஆய்வுக்காகச் சேகரிப்பவரும் வனத்துறை அனுமதி வாங்கித்தான் தொட முடியும். சட்டத்தில் இல்லாத சின்னச் சங்கையும் விடுங்கள். மேலே சொன்ன துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, வளர வளர அடுத்த சங்கு தேட வேண்டும். கரையில் காலிச் சங்கு இல்லாவிட்டால் அது பிளாஸ்டிக் மூடியை மாட்டிக்கொண்டு ஊர்கிறது.

ஜாரவா மக்களைக் காட்டுவாங்களா?

மாட்டார்கள், கேட்கவும் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி அவர்களுடைய காட்டுக்குள் நுழைவது குற்றம், படம் எடுப்பதும் குற்றம். அவர்கள் மனிதர்கள், அவர்கள் வீடு அது. வட சென்டினல் தீவுப் பக்கம் படகே போகக் கூடாது. "தூரத்திலிருந்து மட்டும்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்த ஆளோடு எங்கேயும் போகாதீர்கள்.

பவளம் வெளுத்துப்போச்சு, எல்லாம் செத்துப்போச்சுன்னு செய்தியில சொல்றாங்க. இனிமே போய் என்ன பார்க்க?

வெளுத்தது வேறு, செத்தது வேறு. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு செய்து பவளத்துக்குக் கொடுப்பது அதுதான், நிறமும் அதனுடையதுதான். வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரியும். அப்போது அது பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். சூடு நீடித்தால் சாகும், அதன் மேல் வேறு பாசி படர்ந்து பழுப்பாகும்.

1998, 2010, 2016, 2024 என்று பெரிய சூட்டு அலைகள் வந்தன. 2010-ல் அந்தமான் பலமாக அடி வாங்கியது. இடைவெளி குறைவதுதான் பயம். கொம்பு கொம்பாக வளரும் பவளம் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும், சீக்கிரம் சாகும், சீக்கிரம் திரும்பும். உருண்டையான பெரிய பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். ஆள் உயரப் பவளம் ஒன்று செத்தால் அது நூறு வருடத்துக்கு மேல் வளர்ந்த உயிர்.

எந்தப் பார் மீண்டது, எது மீளவில்லை, ஏன் என்பதை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நாடா விரித்தவர்களால்தான் சொல்ல முடியும். உங்கள் பிள்ளை விடியற்காலை முதுகு வலிக்க எண்ணும் அந்தச் சட்டங்கள் இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. செத்த பாரையும் எண்ணத்தான் வேண்டும். அழகான இடம் மட்டும் வேண்டும் என்பவர்கள் சுற்றுலாவாகப் போய் வரட்டும்.

புள்ளிமான் அழகாத்தானே இருக்கு? அதைப் போய் பிரச்சினைங்கிறீங்களே.

அந்தமானுக்குப் புள்ளிமான் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. பிடித்துத் தின்ன விலங்கு இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் பெருகிவிட்டது. மரக்கன்றுகளை மேய்வதால் சில தீவுகளில் அடிக்காடே எழுவதில்லை. இன்டர்வியூ தீவில் மரக் கம்பெனி விட்டுவிட்டுப் போன யானைகளும் இதே கதை. நம் காட்டில் இருக்க வேண்டியது அங்கே இருந்தால் அங்கே இருக்க வேண்டியது போய்விடும். பாவம் என்று தோன்றுவது சரிதான், எனக்கும் தோன்றும். ஆனாலும் நான் காட்டுக் கன்றின் பக்கம்தான் நிற்பேன்.

பெரிய ஆமை வருமாமே? அங்க துறைமுகம் கட்டினா அது என்ன ஆகும்?

பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை நான்கும் இந்தத் தீவுகளில் முட்டையிடுகின்றன. ஏழுவரி ஆமைதான் உலகத்தின் மிகப் பெரிய ஆமை. ஓடு கிடையாது, தோல்தான். எடை முந்நூறு, ஐந்நூறு கிலோ. சின்ன அந்தமானிலும் பெரிய நிகோபாரிலும் நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை ராத்திரியில் கரையேறும். சின்ன அந்தமானில் 2008 முதல் பெங்களூர் ஆய்வாளர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து கணக்கெடுக்கிறார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திவிட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும், சில ஆப்பிரிக்கா பக்கமும் போயின. ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியது.

பெரிய நிகோபாரில் இவை அதிகம் கரையேறுவது கலதியா விரிகுடா. அங்கேதான் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வருகிறது. விரிகுடாவின் சரணாலய அறிவிப்பை 2021-ல் எடுத்தார்கள், 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள், 130 சதுர கிலோமீட்டர் காடு இந்தத் திட்டத்துக்குப் போகிறது. ஆமைக்கு வழி விடுவோம் என்று அரசு சொல்கிறது. 2004 சுனாமியில் கரையே காணாமல் போய், மணல் மெல்லத் திரும்பி, ஆமையும் திரும்பி வந்த இடம் அது. அந்தக் கரையை விளக்கு வெளிச்சத்துக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் பிள்ளை வேறு கருத்தோடு வரலாம், எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும்.

"மரைன் கேம்ப்"னு நிறைய விளம்பரம் வருது. எது நிஜ நிலையம், எது ரிசார்ட்டுன்னு எப்படித் தெரியும்?

சேகரித்த தரவு யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். வனத்துறை அனுமதி எண் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். விளம்பரப் படத்தில் பிள்ளைகள் நட்சத்திர மீனைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடல் உயிரைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் படம் பிடிக்கிறவர்களிடம் உங்கள் பிள்ளைக்குச் சொல்லித் தர ஒன்றும் இல்லை.

சம்பளம் வருமா? இதுல வேலை உண்டா?

பயிற்சிக் காலத்தில் தங்கலும் சாப்பாடும் கிடைத்தாலே நல்லது, பல இடங்களில் நாம்தான் கட்ட வேண்டும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், போர்ட் பிளேரிலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் துறை, இங்கே என்.சி.பி.எஸ்-ஸின் வனவிலங்குப் படிப்பு, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம். வேலை என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறைத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி. ஐ.டி. சம்பளம் வராது. வீட்டுக் கடனை நம்பி இருக்கும் குடும்பம் இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

மொழி பற்றியும் கேட்கிறார்கள். பொது மொழி இந்தி, ஆனால் 2011 கணக்குப்படி வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேர் பேசுவது தமிழ்தான். போர்ட் பிளேர்க் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

போயிட்டு வந்ததுல இருந்து பொண்ணு மீனே சாப்பிட மாட்டேங்கிறா. நீங்க தான் சொல்லிக் குடுத்தீங்களா?

இல்லைம்மா. எந்த நிலையத்திலும் அப்படிச் சொல்வதில்லை, அங்கேயே தினமும் மீன் குழம்புதான். பாரில் ஒரு கலவா மீன் எத்தனை வருடம் வளர்ந்து பெரிதாகிறது என்று பார்த்துவிட்டு வந்திருப்பாள், அது மனதில் நிற்கும். கட்டாயப்படுத்த வேண்டாம். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அவளையே கூட்டிக்கொண்டு போங்கள். மத்தி, அயிலை, நெத்திலி சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகுபவை, அவற்றை வாங்கலாம். கிளிமீனும் கலவாவும் வேண்டாம். விரல் நீளக் குஞ்சு மீன்களை வாங்காதீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாளில் வந்த மீன் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவள் கேட்பாள், கேட்டுவிட்டு அவளே தேர்ந்தெடுத்துத் தருவாள்.